பெயரை இழந்தால் மருந்தையும் இழப்போம்

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பச்சிலை மருந்துகளையும் இயற்கை உணவுகளையும் பற்றி இன்று பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இதற்கு ஒரு மருத்துவரையன்றோ அழைத்திருத்தல் வேண்டும். மொழியைப் பற்றிப் பேசுகின்றவனுக்கு இங்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்திற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். மருந்து செடியினின்று வருகின்றது. செடியைப் பெயரால் அறிகின்றோம். பெயர் பிறழ்ந்தால் செடி பிறழும். செடி பிறழ்ந்தால் மருந்து நஞ்சாகும். ஆகவே பெயரைக் காப்பது புலவர்க்கு மட்டும் உரிய வேலையன்று. உயிர் காக்கும் வேலையும் அதுவே.

நம் முன்னோர் செடிகளுக்குப் பெயரிட்ட முறையைப் பாருங்கள். கீழாநெல்லி என்கின்றோம். நெல்லியைப் போன்ற சிறுசிறு காய்கள் இலைவரிசையின் கீழ்ப்புறத்தே தொங்குகின்றன. ஆகவே அது கீழ்க்காய் நெல்லி, கீழாநெல்லி. செடியை ஒருமுறை புரட்டிப் பார்த்தவன் பின்னர் ஒருநாளும் மறவான். நிலவேம்பு என்பது வேம்பைப் போலக் கைப்பது. ஆயின் மரமாக ஓங்காமல் நிலத்தை ஒட்டியே நிற்பது. ஓரிலையை நாவில் வைத்த அளவிலேயே பெயரின் பொருள் விளங்கிவிடும். முடக்கறுத்தான் என்பது மூட்டு முடக்கத்தை அறுப்பது என்று கொண்டு மக்கள் இட்ட பெயர். அதனை மாவுடன் அரைத்துத் தோசையாகச் சுட்டு உண்ணும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. ஆடாதோடையை ஆடுதொடா இலை என்றும் வழங்குவர். எல்லாத் தழையையும் மேயும் ஆடு அதனை மட்டும் ஒதுக்கிவிடும். காய் நிற்கும் இடம், சுவை, செயல், விலங்கு அதனிடம் நடந்துகொள்ளும் முறை என்னும் நான்கும் இந்நான்கு பெயர்களுள் அடங்கிவிட்டன. எழுத்தறியாத தாய், வயல்வரப்பில் நின்றபடியே தன் மகளுக்குக் கற்பித்த நிலைத்திணையியல் இதுவே.

ஆடாதோடையைப் பற்றி மேலும் ஒன்று. இருமலுக்கும் சளிக்கும் அதன் இலையைக் காய்ச்சிக் குடிநீராகக் கொடுப்பது நம் நெடுநாள் வழக்கம். அவ்விலையில் உள்ள வாசிசீன் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோமெக்சின் என்னும் சளியிளக்கும் மருந்து பின்னாளில் ஆக்கப்பெற்றது. இன்று மருந்துக்கடைகளில் விற்கும் இருமல் நீர்மங்கள் பலவற்றில் அது கலந்துள்ளது. அச்செடியின் நிலைத்திணையியற் பெயரிலும் அடாதோடா என்னும் சொல் அப்படியே நிற்கின்றது. முருங்கை உலக வழக்கில் மொரிங்கா ஆயிற்று. வெட்டிவேர் வெட்டிவர் ஆயிற்று. இஞ்சியின் பெயர் கிரேக்க, இலத்தீன் மொழிகளின் வழியே ஐரோப்பா முழுதும் பரவியது.

ஆயின் நம் கறிவேப்பிலையின் நிலை வேறு. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இந்நாட்டுச் செடிகளைத் தொகுத்த யோகான் கோனிக் என்பாரின் பெயரையே அது உலக அரங்கில் தாங்கி நிற்கின்றது. கோனிக் உழைத்துக் கற்ற அறிஞர். அவரைக் குறைகூற ஒன்றுமில்லை. நம் பெயரையும் பயனையும் நாமே எழுதி உலகின்முன் வையாதவிடத்துப் பிறர் பெயர் வந்து அமர்வது இயல்பு என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

பெயர் எஞ்சிச் செடி மறைந்துபோன நிலையும் நம்மிடம் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகக் கூறுகின்றார். செங்காந்தளில் தொடங்கும் அவ்வரிசையின் மூன்றாம் பூ அனிச்சம். முகர்ந்த அளவிலே வாடும் மென்மைக்கு எடுத்துக்காட்டாகத் திருவள்ளுவரும் அதனைக் கூறினார். அவ்வனிச்சம் எந்தச் செடி என்று இன்று நம்மால் உறுதியாகக் கைகாட்ட இயலவில்லை. அறிஞர்கள் ஆளுக்கொரு செடியைக் கூறுகின்றனர். சொல் நூலில் இருக்கின்றது. பூ நம் கண்ணினின்று மறைந்துவிட்டது. ஒரு தலைமுறை, தான் அறிந்த செடியை அடுத்த தலைமுறைக்குக் காட்டாமல் விட்டால் நேர்வது இதுதான்.

மற்றொரு தீங்கு, பல செடிகள் ஒரே பெயருக்குள் புகுந்துகொள்வது. நினைவாற்றலுக்கு நல்லதென்று 'பிராமி' என்னும் பெயரில் எண்ணெயும் மாத்திரையும் விற்கின்றனர். அப்பெயர் வடநாட்டில் இரு செடிகளுக்கு வழங்குகின்றது. ஒன்று, வட்ட இலையுடைய நம் வல்லாரை. மற்றொன்று, ஈரநிலத்தில் படரும் சிற்றிலை நீர்ப்பிரமி. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. அவற்றிலுள்ள வேதிப்பொருள்களும் வேறு. 'சங்கபுட்பி' என்னும் பெயரோ மூன்று செடிகளுக்கேனும் வழங்குகின்றது. நம் வேலியில் படரும் காக்கணங்கொடியும் அவற்றுள் ஒன்று. வல்லாரை என்றும் காக்கணம் என்றும் தமிழில் சொல்லிக் கேட்டால் இக்குழப்பத்திற்கு இடமில்லை. தமிழிலும் இக்குறை இல்லாமலில்லை. பொன்னாங்கண்ணி என்ற பெயரில் இன்று சந்தையில் கிடைக்கும் செந்நிறக் கீரை பெரும்பாலும் அழகுக்காக வளர்க்கும் சீமைச் செடியே. நீர்க்கரையில் தானே முளைக்கும் நம் பச்சைப் பொன்னாங்கண்ணி அன்று. பெயரைச் சொன்னால் போதாது. செடியைப் பார்த்துக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

உணவுக்கு வருவோம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, கம்பு, கேழ்வரகு என்று தனித்தனியே பெயர் சொல்லி விதைத்தும் சமைத்தும் வந்த கூலங்களை இன்று 'மில்லட்டு' என்னும் ஒரே சொல்லில் கட்டி அழகிய உறைகளில் விற்கின்றனர். 2023ஆம் ஆண்டை உலக நாடுகள் அமைப்பு இக்கூலங்களுக்குரிய ஆண்டாகக் கொண்டாடியது, அது மகிழத்தக்கதே. ஆயினும் ஒரே சொல்லில் அடக்கியதால் வேறுபாட்டறிவு மங்கிவிடலாகாது. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்பு ஊட்டம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இந்தச் சிறப்பு கேழ்வரகுக்கு உரியது. மற்றக் கூலங்களுக்கு இவ்வளவில் இல்லை. வரகுக்கோ வேறோர் எச்சரிக்கை உண்டு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகு தலைசுற்றலையும் மயக்கத்தையும் தருமென்பது வரகு விளைவிப்போர் நெடுநாள் அறிந்த செய்தி. 2024 அக்டோபர் இறுதியில் நடுவண் மாநிலமாகிய மத்தியப்பிரதேசத்துப் பாந்தவகர் காட்டில் 10 யானைகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த வரகை மேய்ந்ததால் ஏறிய நஞ்சே அதற்குக் கரணியம் என்று ஆய்வில் தெரிந்தது. நன்கு உலர்த்திக் காத்த வரகு நல்லுணவு. நனைந்து கெட்ட வரகு நஞ்சு. இதை உறையின்மேல் அச்சிட்ட பொதுச்சொல் உங்களுக்குக் கற்பிக்காது.

நம் மரபுணவின் அறிவுக்குப் புழுங்கலரிசியைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின்னர்க் குத்துவது புழுங்கல். ஊறும்போதும் அவியும்போதும், தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 என்னும் உயிரூட்டப் பொருளின் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் போய்விடுவதில்லை. பச்சரிசியை ஆலையில் வெண்மையாகத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். அதனால் வருவது கால் வீங்கி நெஞ்சு தளரும் பெரிபெரி நோய். பழைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசியை உண்ட இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதிகளில் அந்நோய் வேரூன்றியிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ்ப்பகுதிகளில் அருகியே காணப்பட்டது. குன்னூரில் 1918இல் இராபர்ட்டு மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் இந்நோயைப் பற்றியும் ஆராய்ந்தது. அக்கூடமே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று நாட்டளவிலான ஊட்டவியல் நிறுவனமாக விளங்குகின்றது. உயிரூட்டப் பொருள் என்னும் சொல்லே பிறவாத காலத்தில் நம் பெண்டிர் நெல்லை அவித்தனர். ஏனென்று அவர்களுக்கு வேதியல் தெரியாது. செய்த செயலோ பிழைபடாதது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அது 95ஆவது. அதன் பத்துக் குறளிலும் ஒரு பச்சிலையின் பெயர்கூட இல்லை. முன் உண்டது செரித்தபின் உண்க, அளவறிந்து உண்க, உடலுக்கு மாறுபடாததை உண்க என்று அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசுகின்றது. ஆகவே காலையில் ஒரு பச்சிலைச் சாற்றைக் குடித்துவிட்டு நாள் முழுதும் அளவின்றி உண்பது தமிழ் மருத்துவமன்று.

இனிக் கசப்பான சில உண்மைகளையும் நாம் பேசுதல் வேண்டும். மொழிப்பற்றும் மரபுப்பற்றும் உடையோர் அவற்றைப் பிறர் வாயால் கேட்பதினும் தாமே கூறிக்கொள்வது பெருமை.

மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் நாட்டில் குழந்தையும் அறிந்த செய்தி. இவ்வழக்கத்தை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராசனும், பி வகைக் கல்லீரல் நச்சுயிரியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும், பிறரும் இணைந்து 1988இல் இலான்செட்டு என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நச்சுயிரியை நீண்டநாளாகத் தாங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தனர். 37 பேரில் 22 பேருக்கு அரத்தத்தில் நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி பெற்ற 23 பேரில் ஒருவர்க்கே அது நேர்ந்தது. உலகம் வியந்து நோக்கியது. ஆயின் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பயன் தெளிவாகக் கிட்டவில்லை. எல்லா ஆய்வுகளையும் தொகுத்து 2011இல் வெளிவந்த மதிப்பீடும் போதிய சான்றில்லை என்றே கூறியது.

ஏன் இந்த வேறுபாடு? விளைந்த நிலமும் செடியின் இனமும் வேறாயிருந்திருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருதிய கரணியங்களுள் ஒன்று. இதை எண்ணும்போது மற்றோர் ஆய்வு நினைவுக்கு வருகின்றது. தென்னிந்திய மருந்துச்சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றவற்றை வாங்கி ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை அது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் இருந்தவை அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகள்! பெயர் ஒன்று, பொருள் வேறு. காயைப் புரட்டிப் பார்க்கும் கண்ணை இழந்ததன் விளைவு இது.

காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. ஏ வகை நச்சுயிரியால் வருவது பெரும்பாலும் ஓய்வினாலேயே நீங்கிவிடும். அப்போது எந்த இலையைக் கொடுத்தாலும் இலைக்கே புகழ் சேரும். பித்தப்பைக் கல்லால் வருவதும், நாட்பட்ட பி வகையால் வருவதும் எப்போதும் அப்படி நீங்குவதில்லை. ஆகவே கண் மஞ்சளித்தால் முதலில் அரத்தத்தை ஆய்வுசெய்து கரணியத்தை அறிக. பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. அதைக் குழந்தைகளுக்குத் தவறாமல் போடுக. இவ்வளவும் செய்தபின் கீழாநெல்லியின் இடத்தைத் தேர்ந்த சித்த மருத்துவர் கூறட்டும்.

பெயர்க் குழப்பம் உயிரைக் குடித்ததற்குப் பெல்சிய நாடு சான்று. உடல் மெலிவதற்கென்று அங்கே மகளிர் சிலர்க்குச் சீனச் செடிகள் கலந்த மருந்தைக் கொடுத்தனர். சீன மொழியில் 'பாங் சி' என்று முடியும் பெயருடைய இரு வேர்கள் உண்டு. ஒன்றைச் சேர்க்க வேண்டிய இடத்தில் மற்றொன்று சேர்ந்துவிட்டது. நூற்றுவர்க்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதுற்றது. பின்னாளில் சிலர்க்குப் புற்றுநோயும் வந்தது. 1993இல் இச்செய்தி மருத்துவ உலகிற்கு வெளிப்பட்டது. தவறாகச் சேர்ந்த அவ்வேர் எந்த இனத்தது தெரியுமா? நம் நாட்டில் பெருமருந்து என்றும் தலைச்சுருளி என்றும் போற்றி, பாம்புக்கடிக்குக் கொடுத்துவந்த கொடியின் இனத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதே காடிப்பொருள் நம் கொடியிலும் உண்டு. பெயரில் 'பெரு' இருப்பதனால் தீங்கு சிறிதாகிவிடாது. பாம்பு கடித்தால் கட்டும் வேண்டா, கீறலும் வேண்டா, வேரும் வேண்டா. நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்க.

செங்காந்தளையும் கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. அதன் கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பர். கண்வலிக்கிழங்கு என்றும் கூறுவர். அதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள் கீல்வலி நோய்க்கு மருந்தாகின்றது. அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் உழவர்கள் அதனைப் பயிரிட்டு விதையை வெளிநாடுகளுக்கு விற்கின்றனர். ஆயின் நோயை ஆற்றும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. பிள்ளைமருந்து என்று பெயர்பெற்ற வசம்பும் அத்தகையதே. அதன் எண்ணெயிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கக் கண்டு, அதனை உணவில் சேர்ப்பதை 1968இலேயே அமெரிக்க அரசு தடைசெய்தது. கைக்குழந்தையின் நாவில் அதை உரைத்துத் தடவும் தாய்மார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. எட்டிக்காயும் இயற்கையில்தான் காய்க்கின்றது.

அறிவை எழுதிவைப்பதன் ஆற்றலுக்கும் சான்று உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தார் காப்புரிமை பெற்றனர். நம் பாட்டிமார் அறிந்ததுதானே என்று வாயால் கூறினால் அந்நாட்டுச் சட்டம் அன்று ஏற்காது. பழைய நூல்களையும், 1953இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரையையும் எடுத்துக்காட்டிய பின்னரே 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பெற்றது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தை ஒழிக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமை 2000இல் நீக்கப்பெற்று, மேல்முறையீட்டிலும் 2005இல் தோற்றது. இத்தகைய வழக்குகளுக்கிடையே நம் மரபு மருத்துவ நூல்களை ஐந்து வெளிநாட்டு மொழிகளில் பெயர்த்துத் தொகுக்கும் மின்னூலகம் 2001இல் தோன்றியது. தமிழில் எழுதிய சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன. எழுதப்பெற்ற தமிழ் இன்று காப்புரிமை அலுவலகங்களில் சான்றாக நிற்கின்றது. எழுதப்பெறாத தமிழ் அதை அறிந்த முதியவரோடு இடுகாட்டிற்குச் சென்றுவிடுகின்றது.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன சில. உங்கள் ஊரில் செடிகொடிகளை அறிந்த முதியவரை இத்திங்களுக்குள் கண்டு, அவரோடு வரப்பிலும் வேலியிலும் நடந்து செல்லுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: ஊர்வழக்கில் அதன் பெயர், அது வளரும் இடம், பயன்படும் உறுப்பு, கொடுக்கும் அளவும் முறையும், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது. ஐந்தாவதை மறவாதீர்கள்; பெரும்பாலோர் விட்டுவிடுவது அதுவே. செடியின் இலையையும் பூவையும் காயையும் படமெடுத்து உடன் வையுங்கள். எழுதியதைத் தேர்ந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. தாம்பரத்தில் 2005 முதல் நடுவணரசின் சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. ஆசிரியர்கள், பள்ளித் தோட்டத்தில் பத்துச் செடிகளை நட்டு, பெயர்ப்பலகையில் தமிழ்ப்பெயரையும் அப்பெயரின் பொருளையும் எழுதச் செய்யலாம். வேறு மருந்து உண்டு வருவோரும் கருவுற்ற தாய்மாரும், எந்தப் பச்சிலையை உண்டாலும் அதனைத் தம் மருத்துவரிடம் மறையாமல் கூறுதல் வேண்டும்.

வணிகர் ஒன்றைத் தமிழ் மருந்தென்று கூறினால், அது என்ன செடி, எந்த உறுப்பு, என்ன அளவு என்று கேளுங்கள். விடை கூற இயலாதவரிடம் வாங்காதீர்கள். தமிழின் பெயரால் விற்கும் பொய்யைத் தமிழர் வாங்கிப் போற்றினால், தமிழின் பெயரால் நிற்கும் மெய்யையும் உலகம் நம்பாது.

திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று அறநூல்களுக்கே மருந்தின் பெயரை வைத்த இனம் நம் இனம். முதல் நூலின் பெயர் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் குறிக்கும் என்பது படித்தவர்க்கெல்லாம் தெரியும். இரண்டாம் நூலின் பெயருக்குரிய ஐந்து வேர்கள் கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்பன. இவ்வைந்தனுள் எத்தனையை உங்களால் நேரில் கைகாட்ட இயலும் என்று இன்றிரவு வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள். தெரியாதவற்றை நாளைக் காலையில் தேடத் தொடங்குங்கள்.